பால்கனியில் யாரும் இல்லை

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. முதலில் அவளை உறுத்தியது அதுதான்.

மேடை விளிம்பில் நின்று, வாயருகே கையைக் குவித்து, "மேல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். பாதிக் கேள்விதான் வெளியே வந்திருந்தது. அதற்குள் பால்கனி இருட்டிலிருந்து கூட வேலை பார்க்கும் ஒட்டடையின் குரல், எப்போதும்போல் மூக்கடைப்போடும் அசட்டையோடும், "யாரும் இல்ல" என்றது. அவனுக்கு வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரம் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள். அப்போதுதான் மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக் கதவு திறந்து, கையில் துடைப்பத்தோடு ஒட்டடை வெளியே வந்தான்.

"இரு, இரு. இன்னும் மேலயே போகல. இப்பதான் போறேன்" என்றான்.

அவளுடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. வெளியே நுழைவுக் கூடத்தில், பொறுப்பாளரான மேடம் விளக்குச் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. மேடத்துக்கும் அந்தப் பதில் கேட்டிருக்கிறது.

வட்டாரப் பண்பாட்டு மையம் கல்லூரி வளாகத்தின் கடைக்கோடியில் இருந்தது. நாடகம், பாட்டு, ஓவியக் கண்காட்சி என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். டிக்கெட் கிழிப்பது, இருக்கைகளைத் துடைப்பது, கண்ணாடிப் பெட்டிகளில் ஊர்க்காரர்கள் பதித்துவிட்டுப் போன விரல் தடங்களை அழிப்பது, எல்லாம் மாணவர்களின் பகுதிநேர வேலை. கடைசி வேலை பூட்டுவது. எந்தக் காலத்திலோ ஒரு பார்வையாளர் பால்கனியில் கண்ணயர்ந்துவிட, யாரும் பார்க்காமல் பூட்டிவிட்டு நீண்ட விடுமுறைக்குப் போய்விட்டார்களாம். திறந்தபோது என்ன பார்த்தார்கள் என்பதைச் சொல்லும் இடம் வந்தால் எல்லாரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அதனால் அது யாருக்கும் சரியாகத் தெரியாது. அன்றைக்கு வந்த விதிதான் இது. ஒருவர் மேடையிலிருந்து கேட்க வேண்டும், இன்னொருவர் பால்கனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலிருந்து சொல்ல வேண்டும். இரண்டு குரலும் காதில் விழுந்தால்தான் மேடம் விளக்கை அணைப்பார். ஒன்று குறைந்தாலும் அவரே உள்ளே வந்துவிடுவார்.

ஒட்டடை என்பது அவனுடைய உயரத்துக்கும் ஒல்லிக்கும் வகுப்பில் வைத்த பெயர். அவன் அன்றைக்கு மேலே போகவில்லை. மறுநாள் நூலகத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னான்.

"இனிமே நீயும் கேக்காத. கேட்டாதான் அது சொல்லுது."

கேட்காமல் எப்படி இருப்பது? அவள் தனி ஆள் இல்லை. அம்மா மருத்துவமனையில் செவிலி, மாலை ஷிப்ட். தங்கை குட்டியைப் பள்ளி வேன் நேராக மையத்தின் வாசலில் இறக்கிவிடும். அம்மா வரும்வரை வீட்டில் யாரும் இல்லாததால், டிக்கெட் அறையில் கவுன்ட்டருக்கு அடியில் ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு குட்டி வீட்டுப்பாடம் எழுதுவாள். வெளிப் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதிதான். மேடம் அரங்குக்குள் வர வேண்டுமென்றால் அந்த அறையின் பின்கதவைத் தாண்டித்தான் வர வேண்டும், அந்தக் கதவுக்கோ தாழ்ப்பாள் கிடையாது. பார்த்துவிட்டால் வேலை போகும். குட்டியை விட்டுவைக்க வேறு இடமும் கிடையாது. "உன்ன நம்பித்தான் அவள விட்டுட்டுப் போறேன்" என்று, காலையில் அவள் கல்லூரிக்குக் கிளம்பும்போது அம்மா தினமும் சொல்வாள்.

அதனால் ஒட்டடையிடம் கெஞ்சினாள். மாதக் கடைசி வரைக்கும், வேலையை விட்டதை மேடத்திடம் சொல்ல வேண்டாம், புது ஆள் வந்தால் குட்டி இருப்பது தெரிந்துவிடும் என்றாள். அவன் தலையை ஆட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை.

தனியாகப் பூட்டிய முதல் நாள், கேட்டுவிட்டு மாடிப்படியில் ஓடி, தானே குரலை மாற்றிப் பதில் சொல்வதாகத்தான் திட்டம். ஓட வேண்டிய தேவை வரவில்லை. கேட்டாள். "யாரும் இல்ல" என்றது ஒட்டடையின் குரல். வெளியே சுவிட்ச் சத்தம். மேடத்தின் குதிகால் செருப்பு வராந்தாவில் டக் டக்கென்று தேய்ந்து மறைந்தது. அவள் பால்கனியை நிமிர்ந்து பார்க்காமல் மாடிப்படிக் கதவைக் கீழேயே பூட்டினாள். முதுகு முழுக்க ஈரம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, பயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டாள். சம்பளம் கேட்காமல், லீவு போடாமல் ஒருவர் மேலே வேலை பார்க்கிறார், நமக்கென்ன என்று தனக்குத்தானே கேலிகூடப் பேசிக்கொண்டாள். ஒன்றை மட்டும் கேலி செய்ய முடியவில்லை. அரங்கின் இருக்கைகள் ஸ்பிரிங் வைத்தவை, ஆள் எழுந்ததும் தானாக மடிந்துகொள்ளும். வேலை முடிந்து மேடையிலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக எல்லாம் மடிந்து நிற்கும். பால்கனியின் கடைசி வரிசையில் ஒன்று மட்டும் இறங்கியே இருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டாள். மேலே ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

குட்டிக்கு அந்த இருக்கைகள் என்றால் உயிர். ஒரு விடுமுறைப் பகலில், ஆளில்லாத நேரத்தில், கீழ் வரிசையில் அவளை உட்கார வைத்துப் பார்த்தாள். குட்டியின் எடைக்கு இருக்கை பாதிதான் இறங்கியது. அவளை மடித்து விழுங்கப் பார்த்தது. முழங்கால் தாடையில் இடிக்க, காலை ஆட்டிக்கொண்டு, இருக்கை மேலும் கீழும் அசைய அசைய, குட்டி சிரித்த சிரிப்பில் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போதுதான் குட்டி கேட்டாள்.

"அக்கா, மேல அவரு இருக்காரே. அப்புறம் ஏன் யாரும் இல்லன்னு சொல்றாரு?"

அவள் குட்டியின் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"பாவம். பக்கத்துல போய்க் கேட்டா சரியாச் சொல்வாரோ என்னமோ."

அரங்குக்குள் தனியாகக் கால் வைத்தால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று அதட்டினாள். குட்டி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரமே ஒரு நாடகக் குழு ஒத்திகை முடித்துக் கிளம்பியபோது ஜன்னல்களில் இருட்டு ஏறிவிட்டிருந்தது. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. தலைக்குள் சூத்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, வியர்வையும் ஒப்பனைப் பவுடரும் கலந்த வாடையில், இருக்கைகள் ஒவ்வொன்றாக மடிந்து அடங்கும் சத்தத்தைக் கேட்டபடி மேடைக்கு வந்து நின்று, கையைக் குவித்தாள். வாயைத் திறக்கவில்லை.

"யாரும் இல்ல" என்றது மேலிருந்து.

இன்னும் அவள் கேட்கவே இல்லை.

குவித்த கையை இறக்கினாள். வெளியே சுவிட்ச் சத்தம். விளக்குகள் அணைந்தன. சரி, இன்றைக்கு இதுவும் மிச்சம் என்று நினைத்தாள். பரீட்சை, பசி, தூக்கம். மாடிப்படிக் கதவைப் பூட்டினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மேடத்தின் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் டிக்கெட் அறைக்குப் போனாள்.

சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதியில் விட்ட கணக்கு. மூடி கழன்ற பேனா. கவுன்ட்டருக்கு அடியில் ஜோடியாகக் கழற்றி வைத்த ஷூ, அதற்குள் சுருட்டிய சாக்ஸ்.

குட்டி இல்லை.

கழிவறையில் பார்த்தாள். கண்காட்சிக் கூடத்தில் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிகளில் அவளுடைய முகம்தான் திரும்பத் திரும்பத் தெரிந்தது. வாசல் வழியாகப் போயிருக்க முடியாது, மேடம் கிளம்பும்வரை நுழைவுக் கூடத்தில்தான் இருந்தார். பக்கத்துல போய்க் கேட்டா சரியாச் சொல்வாரோ என்னமோ. குட்டி சொன்னது நினைவு வந்தது. மாடிப்படிக் கதவைத் தன் கையால்தான் பூட்டினாள். இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள். இத்தனை நாளும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்திருந்தால் என்று நினைத்தாள்.

அரங்குக்குள் ஓடினாள். இருட்டு. பவுடர் வாடை அப்படியே இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருவது.

"குட்டி?"

மேடை விளிம்பு வரைக்கும் போனாள்.

"குட்டி, மேல இருக்கியா? அக்கா திட்ட மாட்டேன்டா."

"யாரும் இல்ல."

இந்தத் தடவை ஒட்டடையின் குரல் இல்லை. குட்டியின் குரல். அழுகை இல்லை, பயம் இல்லை. வகுப்பில் வருகைக்குப் பதில் சொல்வது போல.

மேடை ஓரத்தில் அவசர விளக்கு மாட்டியிருக்கும். தடவினாள். கிடைத்தது. அவள் திருப்பத் திருப்ப வெளிச்சம் கூரையில் பட்டு, சுவரில் பட்டு, பால்கனியில் ஏறியது. மடிந்த இருக்கைகள். மடிந்த இருக்கைகள். கடைசி வரிசை.

ஒன்று முழுசாக இறங்கியிருந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பாதி மட்டும்.

இரண்டிலும் யாரும் இல்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அம்மா. இந்த நேரத்துக்கு ஷிப்ட் நடுவில் கூப்பிடுவது வழக்கம். விரல் தன்னாலேயே அழுத்தியது, ஸ்பீக்கரில் விழுந்தது.

"கிளம்பியாச்சா? குட்டி பக்கத்துல இருக்காளா?"

அவள் வெளிச்சத்தை இருக்கைகளிலிருந்து எடுக்காமல் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ஏய், என்ன? அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்றன மேலிருந்து இரண்டு குரல்கள், ஒன்றாக. ஒன்று கரகரத்தது, அவள் கேட்டே இராதது. மற்றது குட்டியுடையது.

போனில் அம்மா சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு.

"அதோ அவ குரல் கேக்குதே. வாலு. சரி, பத்திரமா கூட்டிட்டு வா. வார்டுல கூப்பிடுறாங்க, வச்சிடுறேன்."

போன் அணைந்தது. வெளிச்சத்தில், பாதி இறங்கிய அந்த இருக்கை, காலை ஆட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பது போல, மேலும் கீழும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.