கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டடை ஆரோக்கியம்

படத்தில் மற்ற எல்லாரும் உளறினார்கள். ஒட்டடை ஆரோக்கியம் ஒருவர் மட்டும் உளறவில்லை. ஹெலனுக்கு முதலில் தட்டுப்பட்டது இதுதான்.

ஊமைப்படம்தானே, யார் காதில் விழப்போகிறது என்ற தைரியத்தில் அந்தக் காலத்து நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார்கள். கண்ணீர் வழிய மகளை ஆசீர்வாதம் செய்கிற அப்பா, ‘வெயில் மண்டையப் பொளக்குது, சீக்கிரம் எடுத்துத் தொலைங்கப்பா’ என்கிறார். காதலியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகுகிற ஜமீன்தார் மகன், மத்தியானச் சாப்பாட்டில் மீன் உண்டா என்று அவளிடம் கேட்கிறான். ஹெலன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல்ல, முனீர் மேஜையைத் தட்டிச் சிரித்தான். அந்த அதிர்வு அவள் முழங்கையில் தெரிந்தது.

ஹெலனுக்குக் காது கேட்காது. ஒன்றாம் வகுப்பில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறாள். அவளும் பேசுவாள், ஆனால் பஸ்ஸில் அவள் வாய் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், வெளியில் அதிகம் திறப்பதில்லை.

முனீருக்குச் சேலத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. கல்யாண வீடியோ பிழைப்பு, பழைய படங்களைத் துடைத்து உயிர் கொடுப்பது பைத்தியம். சேந்தமங்கலத்துக்காரரான சிரிப்பு நடிகர் ஒட்டடை ஆரோக்கியம் கடைசியாக நடித்த படம் மக்கிய சுருளாக அவன் கைக்கு வந்து, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கீறலும் பூஞ்சையும் எடுத்து, இப்போது நேற்று எடுத்ததைப் போலத் துல்லியமாக நின்றது. காட்சிகளுக்கு நடுவில் வருகிற, வசனம் எழுதிய அட்டைகள் மட்டும் சுருளில் அழிந்துபோயிருந்தன. நடிகர்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்து அட்டைகளைப் புதிதாக எழுதத்தான் ஹெலனை அழைத்திருந்தான்.

கடைசிக் காட்சி ஜவுளிக்கடையில். மாமனாருக்குப் பயந்து கடைக்குள் ஓடி வரும் ஆரோக்கியம், சேலை கட்டிய பொம்மை நிற்கிற ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி, தானும் ஒரு பொம்மையாக விறைத்து நிற்கிறார். கடை ஆள் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போகிறான். ஒட்டடைக்குச்சி உடம்பை வளைத்து நெளித்து அவர் கண்ணாடியைத் தட்டுகிறார், முகத்தை அப்பி மூக்கைச் சப்பையாக்குகிறார், தெருவே கூடி நின்று சிரிக்கிறது. படம் அதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவரை எந்தப் படத்திலும், எந்த ஊரிலும் யாரும் பார்த்ததில்லை.

“என்ன சொல்றாருக்கா?” என்று அவள் பக்கம் திரும்பிக் கேட்டான் முனீர்.

ஏசி ஓடுகிற, ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஹெலனுக்குக் கழுத்து வியர்த்தது. பூஞ்சை போன இடத்தில் அவர் உதடு தெளிவாகத் தெரிந்தது.

“‘தொறங்க சாமி. நெசமாத்தான் சொல்றேன், நடிப்பு இல்ல. மூச்சு முட்டுது.’”

முனீர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். “செமக்கா! அப்படியே கார்டு போட்டுர்றேன். சனம் உருண்டு சிரிக்கும்.”

“முனீர், அந்த ஆளு நிஜமாவே கேக்கறாரு.”

“நல்ல நடிகர்னா அப்படித்தான் இருக்கும்” என்றான் அவன். மற்றவர்கள் உளறியதை இவ்வளவு நேரம் சேர்ந்து சிரித்தவளுக்கு, இதற்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை.

ஆரோக்கியத்துக்கு விழா எடுப்பவர் பள்ளிபாளையத்து ஜவுளிக்காரர் மயில்சாமி. ஆத்தூர் ரோட்டில் கல்யாண மண்டபமாகிவிட்ட ஒரு பழைய தியேட்டரில் திரையிடல். ஜவுளிக்கடைக் காட்சி ஓடும்போது, திரைக்கு முன்னால் மேடையில் அதே காட்சியை ஒருவன் நேரில் நடித்துக் காட்ட வேண்டும். அந்த ஒருவன் ஹெலனின் தம்பி ஆண்ட்ரூஸ்.

அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு என்று இருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான். தொட்டில் பருவம் தாண்டியதும் அவன் அவளிடம் கையால் பேசத்தான் கற்றுக்கொண்டான். கையும் முகமுமே பேச்சாக வளர்ந்தவன், ஊமை நடிப்பையே தொழிலாக்கிக்கொண்டு, வரவேற்புகளிலும் கடைத் திறப்புகளிலும் வெள்ளை முகத்தோடு நின்று குழந்தைகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். ஒரு நிஜ மேடை இப்போதுதான் வாய்த்திருந்தது. வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஆரோக்கியத்தைப் போல முழங்காலை உதறி உதறி நடந்தான்.

ஒத்திகையன்று மயில்சாமி ஒரு பெரிய பெட்டியை மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தேக்குச் சட்டம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே பித்தளைத் தாழ்ப்பாள்.

“ஏனுங்க அம்மணி, அடையாளந் தெரியுதுங்களா? படத்துல வர்ற அதே பொட்டிங்க. எங்க கடை குடோன்லயேதான் கெடந்துச்சு.”

ஹெலன் தலையை உள்ளே நீட்டினாள். அந்துருண்டையும் பழைய புடவையும் கலந்த நெடி. அதற்கு அடியில், காய்ச்சல்காரன் முகத்துக்கு நேராகக் குனிந்தால் அடிக்கிற வெதுவெதுப்பான வாய்நாற்றம். கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பின்வாங்கினாள்.

ஆண்ட்ரூஸ் ஏறி நின்றான், நடித்தான், சிரித்துக்கொண்டே இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை.

அயோத்தியாப்பட்டணத்து வீட்டில், மறுநாள் மத்தியானம், முனீர் அனுப்பிய பிரதியை அவள் செல்போனில் போட்டாள். அட்டை எழுத இனி பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஆரோக்கியம் பெட்டிக்குள் ஏறினார், தாழ்ப்பாள் விழுந்தது, தெரு சிரித்தது. ‘தொறங்க சாமி’ என்றார். பிறகு, கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நேராகக் கேமராவைப் பார்த்தார்.

‘முன்னாடி வேண்டாம். பின்னாடி பலகைய மட்டும் கழட்டி உட்டுருங்க. அது போதும்.’

இது முன்னால் இருந்ததா? தான்தான் தவற விட்டுவிட்டோமா? திரும்பத் திரும்ப ஓட்டினாள். அதேதான் சொன்னார், பொறுமையாக, அவளைப் போன்றவர்களுக்குச் சொல்வதைப் போல உதட்டை நன்றாக அசைத்து. பாவி மனுஷன், சாகப்போகிற நேரத்தில் தன்னைக் காப்பாற்றும் வழியையும் சொல்லியிருக்கிறான், ஊரே கைதட்டிச் சிரித்திருக்கிறது. ஹெலன் அழுதாள். அதே பெட்டிக்குள் நாளை தன் தம்பி நிற்பான் என்று நினைத்ததும் அழுகை நின்று பயம் வந்தது.

“பின்பலகை இருந்தாத்தான்க்கா இருட்டா தெரியும்” என்று ஆண்ட்ரூஸ் கையை வீசினான். “கழட்டிட்டா பின்னால வெளிச்சம் வரும். காமெடியே போயிடும்.”

“கழட்டலேன்னா நீ ஏறக்கூடாது. அம்மா மேல ஆணை.”

அவன் சலித்துக்கொண்டே எழுந்தான். திருப்புளியை எடுத்துக்கொண்டு அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். துருப்பிடித்த திருகாணிகள் ஒவ்வொன்றாக வந்தன. பலகை பெயர்ந்ததும் உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று புறப்பட்டு அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. காலடியில் மேடைப் பலகை ஒரு தரம் அமுங்கி எழுந்தது. ஆண்ட்ரூஸ் நகரவே இல்லை, குந்தி உட்கார்ந்து ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“இப்ப திருப்தியா?” என்று கேட்டான். நிம்மதியாகத்தான் இருந்தது அவளுக்கு.

விழாவன்று பொழுது சாய்கிற நேரம். கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. ஒளி சரியாக விழுகிறதா என்று பார்க்க முனீர் கடைசிக் காட்சியைத் திரையில் ஓட்டினான். ஹெலன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியம் ஏறினார். தாழ்ப்பாள் விழுந்தது. தெரு சிரித்தது.

அவர் தட்டவில்லை. நெளியவில்லை. வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் போல நின்றார். அவருக்குப் பின்னால், பெட்டியின் முதுகில், வெளிச்சம் தெரிந்தது.

“நீ மாத்தினியா?” ஹெலன் முனீரிடம் ஓடினாள். “படத்த மாத்தினியா?”

“எதக்கா?” அவன் திரையைப் பார்த்தான். “அதேதானே? தட்டறாரு, குதிக்கறாரு...”

அவள் மேடைக்குப் பின்னால் ஓடினாள். ஆண்ட்ரூஸ் முகம் முழுக்க வெள்ளை பூசி, புருவம் வரைந்துகொண்டிருந்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“வேண்டாம்டா. ஏறாத. பலகைய நாம கழட்டியிருக்கக் கூடாது. அந்த ஆளு அதத்தான்டா கேட்டான். நாமதான் தொறந்து உட்டோம்.”

அவன் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தினான். கையைப் பிடித்தால் அவளுக்குப் பேச்சில்லை என்று அவனுக்குத் தெரியும். பிறகு விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னான். “நீ சிரிக்கணும்னுதான்க்கா நான் இதையே கத்துக்கிட்டேன். இன்னிக்கு ஒருநாள் பயப்படாம பாரு.”

மயில்சாமி வந்து அவள் தோளை அணைத்தபடி அழைத்துப்போய் முன்வரிசையில், விழாவுக்கு வந்திருந்த பங்குத்தந்தைக்கும் தனக்கும் நடுவில் உட்காரவைத்தார். கதவுகளை மூடினார்கள். விளக்கு அணைந்தது.

படம் ஓடியது. தரை அதிர்ந்தது. ஒவ்வொரு சிரிப்பும் செருப்பு வழியாக அவள் காலுக்குள் ஏறியது. அவள் எழுந்தாள். மயில்சாமி கையைப் பிடித்து உட்காரவைத்தார். ‘இருங்க அம்மணி, தம்பி வர்ற நேரம்’ என்றது அவர் உதடு.

ஜவுளிக்கடை வந்தது. மேடையில் ஆண்ட்ரூஸ் ஓடிவந்தான். முழங்காலை உதறினான். பெட்டிக்குள் ஏறினான். திரையில் ஆரோக்கியமும் ஏறினார். ஒரே நேரம். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கூச்சல் போட்ட அதே நொடியில் திரையில் ‘தொறங்க சாமி’ அட்டை வந்தது.

அதிர்வு. பலமான அதிர்வு. மண்டபமே சிரித்தது.

மேடைப் பெட்டியில் ஒரு நிழல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. வெறும் கண்ணாடி.

பெட்டிக்குப் பின்னாலிருந்து அவன் வந்தான். வெள்ளை முகம். அதே சட்டை. முழங்காலை உதறி உதறி நடந்தான். ஆண்ட்ரூஸ் நடந்ததைவிட நன்றாக நடந்தான். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் மைக்கை எடுத்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயருகே வைத்தான்.

‘என்ற சத்தம் கேக்குதுங்களா சாமி?’

கேட்டிருக்க வேண்டும். தான் பேசியது தன் காதில் விழுந்ததும் அவன் கண் கலங்கியது. பேசினான். பேசிக்கொண்டே இருந்தான்.

ஹெலன் திரையைப் பார்த்தாள்.

ஆண்ட்ரூஸ் கண்ணாடிக்குள் இருந்தான். கறுப்பு வெள்ளையில். அவனைச் சுற்றிப் பழைய தெரு சிரித்துக்கொண்டிருந்தது. அவன் தட்டினான். தன் காதைத் தொட்டுப் பார்த்தான். மறுபடி தட்டினான். பிறகு அவளைக் கண்டுகொண்டான். கைகள் எழுந்தன.

“அக்கா. ஒண்ணும் கேக்கல.”

அவள் மேடைக்கு ஏறிவிட்டாள். எப்படி ஏறினாள் என்று தெரியாது. திரைத்துணியில் இரண்டு கையாலும் அறைந்தாள். “ஆண்ட்ரூஸ்! டேய்!” என்று கத்தினாள். அவள் குரல் மண்டபத்தில் போய் விழுந்ததும் தரை முன்னைவிட அதிர்ந்தது. பங்குத்தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முனீர் சிரித்தான். அவளுடைய நிழல் தம்பியின் மேல் விழுந்து மறைத்தது. விலகினாள்.

பின்னாலிருந்து அந்த வெள்ளை முகக்காரன் அவள் கையைப் பிடித்தான். கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினான். தூக்கிக் காட்டினான். அவள் குனிய மாட்டேன் என்று நின்றாள். அவன் அவள் பிடரியில் கை வைத்து அழுத்தினான். இருவரும் குனிந்தார்கள். குனிந்த தலையைத் திருப்பி, தோளுக்கு மேல் பார்த்தாள்.

ஆண்ட்ரூஸ் கையால் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். தெளிவாகத்தான் கேட்டான்.

“அக்கா, ஏன் எல்லாரும் வாய மட்டும் அசைக்கிறாங்க?”