இருவாச்சிக்குப் பதினோரு நாள் புருஷன்

“இந்த ஆனைமலையில ஒரு இருவாச்சிப் பறவைக்குப் பதினோரு நாள் புருஷனா இருந்தவன் நான்!”

வால்பாறை டீக்கடையில் எபினேசர் இப்படி அறிவித்ததும், சுற்றுலா வந்திருந்த ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் புரையேறியது. மூலை பெஞ்சில் இருந்த வனவர் சங்கரலிங்கம் மட்டும் அசையவில்லை.

“நம்பாதீக சார். இந்த ஆளு சொல்றதுல பாதியத் தள்ளிட்டாலும், மீதியில ஊரே முங்கிரும்.”

நீங்களும் நம்ப வேண்டாம். நடந்ததை மட்டும் கேளுங்கள்.

குரங்குமட்டம் எஸ்டேட்டின் பழைய டிஸ்பென்சரிதான் இப்போது அடிபட்ட, தாயை இழந்த காட்டு உயிர்களுக்கு ஆஸ்பத்திரி. நடத்துகிறவர் கால்நடை மருத்துவர் ஷர்மிளா. பிரசவ வார்டில் மூன்று மலை அணில் குட்டிகள். மருந்து அறையில் கால் ஒடிந்த மரநாய். முன்பு இருந்த பெரிய டாக்டரின் நாற்காலியில் ஒரு முள்ளம்பன்றி. அதை எழுப்ப யாருக்கும் துணிவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் பாய்லர் ஓட்டி ஓய்வு பெற்ற எபினேசருக்கு அங்கே சமையல், துப்புரவு, தாலாட்டு மூன்றும் பொறுப்பு. துப்புரவில் அவர் புலி. தரையில் ஒரு பழத்தோல் விழுந்தால், அது தரையைத் தொடுவதற்குள் துடைத்துவிடுவார்!

அந்தத் துப்புரவுதான் இரண்டு உயிரைக் கொல்லப் பார்த்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, சங்கரலிங்கம் வெறும் பனியனோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அவருடைய காக்கிச் சட்டைக்குள் ஓர் ஆண் இருவாச்சி. கொண்டை ஊசி வளைவில் லாரியில் மோதி விழுந்திருந்தது. அலகு வாழைத்தார் நீளம், கனம் ஒரு கன்றுக்குட்டி அளவு என்று எபினேசர் இன்றும் சத்தியம் செய்வார். தராசு காட்டியது மூன்று கிலோ.

“எலும்பு முறியல. தோள்ல நல்ல அடி. பத்து நாளாவது பறக்கக் கூடாது” என்றார் ஷர்மிளா.

மேசையில் கிடத்தியதும் பறவை எதையோ கக்கியது. எபினேசர் கண்ணிமைக்கும் நேரத்தில் வழித்தெடுத்து, பினாயில் போட்டுத் துடைத்து, குப்பைக் குழியில் கொட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் சிக்கல் தொடங்கியது. இருபது அத்திப்பழம் வைத்தார்கள். பறவை எல்லாவற்றையும் அள்ளித் தொண்டையில் அடக்கிக்கொண்டது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை! கம்பிவலை அருகே போய், ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து வரவழைத்து, வலை ஓட்டையில் வைத்து வெளியே தள்ளியது. கூட்டிப் பெருக்கி மறுபடி வைத்தால், மறுபடியும் அதே.

“திமிரு புடிச்ச பய” என்றார் எபினேசர்.

பழம் கொண்டுவந்த வெள்ளச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்துக் காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவள். வேட்டைத் தடுப்புக் காவலர்.

“திமிரு இல்லண்ணே. இவன் ஊட்டுறான். இவன் பெண்டாட்டி எங்கயோ மரப்பொந்துக்குள்ள இருக்கா. வாசலப் பூசி அடைச்சிட்டு, அலகு நுழையற சந்து மட்டும் விட்டிருப்பா. இறகெல்லாம் உதிர்ந்து கிடக்கும். பறக்கவும் முடியாது. குஞ்சும் உள்ள இருக்கும். இவன் கொண்டுபோனாத்தான் ரெண்டு பேருக்கும் சோறு.”

பறவை கம்பியில் இன்னொரு பழத்தை வைத்தது.

“நேத்து காலையிலேர்ந்து பட்டினி” என்றார் ஷர்மிளா. “இன்னைக்கும் விட்டா தாங்காது. வெள்ளச்சி, அந்த மரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?”

“எத்தனை லட்சம் மரம் இருக்கு, டாக்டரம்மா!” சங்கரலிங்கம் கையை விரித்தார். “நடக்கிற காரியமா இது?”

வெள்ளச்சி யோசித்தாள். “வரும்போது இவன் தொண்டையில என்ன பழம் இருந்துச்சு?”

எல்லோரும் எபினேசரைப் பார்த்தார்கள். எபினேசர் தன் துடைப்பத்தைப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் அந்த அறுபத்தாறு வயது மனிதர் குப்பைக் குழிக்குள் தலைகீழாக இருந்தார்! முள்ளம்பன்றி முள், பழைய வைக்கோல், ஊர்ப்பட்ட எச்சம்... அரை மணி நேரம் கழித்து, தலையில் பப்பாளித் தோலோடு வெளியே வந்தார். உள்ளங்கையில் நான்கு கொட்டைகள். அவற்றைச் சுற்றிச் சிவப்பாக வலை பின்னியதுபோல் ஒரு தோல்.

“காட்டு ஜாதிக்கா!” வெள்ளச்சியின் முகம் மலர்ந்தது. “இந்தப் பக்கத்துல கரும்பாறை ஓடைக்கரையில மட்டுந்தான் இப்ப பழுத்திருக்கு. அங்க பறிச்சிட்டு வீட்டுக்குப் போறப்பத்தான் அடிபட்டிருக்கான்.”

ஷர்மிளா சுவரில் இருந்த வரைபடத்தில் ஓடையில் ஒரு குண்டூசி குத்தினார். லாரி மோதிய வளைவில் இன்னொன்று. எபினேசர் சட்டைப் பொத்தானைப் பிய்த்து அதன் நூலை நீட்டினார். நூல் இரண்டு ஊசியையும் தொட்டு, சாலையைத் தாண்டி நேராக ஓர் இடத்தில் போய் முட்டியது. கழுகுமுடிச் சரிவு!

“நூலு காட்டுற வழியில காடு கிடக்குமாக்கும்?” என்றார் சங்கரலிங்கம். ஆனாலும் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்குச் சரிவில் மூடுபனி இறங்கிவிடும். அதற்குப் பிறகு தன் கையே தனக்குத் தெரியாது. அவர்கள் காட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. முந்தைய நாள் கோடை மழையில் கிளம்பிய அட்டைகள், எபினேசரின் காலுக்கு வரிசையில் நின்று டோக்கன் வாங்கின. ஒன்றே காலுக்கு ஒரு பள்ளத்தாக்கைக் கடந்தார்கள்.

“நில்லுங்க!” வெள்ளச்சி கையை உயர்த்தினாள்.

பாதையின் நடுவே ஒற்றைக் கொம்பன். காது ஆடவில்லை. தும்பிக்கை அவர்கள் பக்கம் நீண்டு மோப்பம் பிடித்தது. யாரும் மூச்சுவிடவில்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். எபினேசரின் கால்விரல்களுக்கிடையே அட்டை ஏறியது. நாற்பதாவது நிமிஷம் யானை ஒரு மூங்கிலை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாக இறங்கிப் போனது.

மணி இரண்டு. சரிவில் ஓட்டமும் நடையுமாக மேலே போனார்கள். வெள்ளச்சி மரங்களை அண்ணாந்து பார்க்கவேயில்லை. தரையை மட்டும் பார்த்தபடி போனாள். ஒரு பெரிய மரத்தடியில் சட்டென்று உட்கார்ந்தாள். கொட்டைகள்! குவியல் குவியலாக அத்தி விதை, ஜாதிக்கொட்டை, எச்சம்.

“வீடு இதுதான்.”

ஐம்பதடி உயரத்தில் களிமண் நிறத்தில் பூச்சு. நடுவே ஒரு விரல் அகலச் சந்து. நல்லவேளை, பின்னால் இருந்த பாறை அந்த உயரத்துக்கு ஏறியிருந்தது. ஆனால் பாறைக்கும் மரத்துக்கும் நடுவே பதினைந்து அடி ஆகாயம்.

வெள்ளச்சி ஒரு மூங்கிலை வெட்டி, நுனியைப் பிளந்து அலகுபோல் ஆக்கினாள். எபினேசர் பாறை விளிம்பில் குப்புறப் படுத்தார். ஷர்மிளா அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நுனியில் பப்பாளித் துண்டு, நேராகச் சந்தின் வாசலுக்குப் போனது.

ஒன்றும் நடக்கவில்லை. துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அத்திப்பழம் வைத்தார்கள். உள்ளே ஒரு சலனமும் இல்லை.

“செத்துப் போச்சு போல” என்றார் சங்கரலிங்கம் மெதுவாக. அவர் குரலில் கேலி இல்லை. சரிவின் அடியில் பனி வெள்ளையாகக் கூடத் தொடங்கியிருந்தது.

“இல்ல சார்” என்றாள் வெள்ளச்சி. “அவன் வந்தா இறக்கைச் சத்தம் ரயிலு மாதிரி கேக்கும். அது கேக்காம அவ வாயத் திறக்க மாட்டா. திருடனோன்னு பயந்து கிடப்பா.”

எபினேசர் படுத்தபடியே கத்தினார். “வே சங்கரலிங்கம்! ஜீப்புல கொழுந்து பறிக்கிறவுக இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் தாள் கிடந்துச்சே, எடுத்து வந்தீரா?”

“மழைக்குப் போத்திக்க எடுத்தேன். எதுக்குவே?”

“வீசும்!”

“நான் வனவருவே! எனக்குன்னு ஒரு மரியாதை...”

“வீசுமய்யா!”

சங்கரலிங்கம் சுற்றிலும் பார்த்தார். யானைகூட இல்லை. தாளின் இரு முனையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி அடித்தார். ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்... பாறையில் பட்டுச் சத்தம் பெரிதாகத் திரும்பியது. எபினேசர் கழியால் மரத்தை இரண்டு முறை தட்டிவிட்டு ஓர் அத்திப்பழத்தை நீட்டினார்.

சந்தில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. அலகின் நுனி! அது பழத்தைத் தொட்டது. தயங்கியது. கவ்விக்கொண்டது.

உள்ளேயிருந்து ‘கீச்’ என்று ஒரு சின்னக் குரல். குஞ்சு!

“நிறுத்தாதீரும்வே!” என்றார் எபினேசர், கண்ணைத் துடைக்கக் கையில்லாமல்.

அன்று நாற்பத்தொரு பழம். எபினேசர் கணக்கில் நானூறு. சாயங்காலம் திரும்பி வந்து, கூண்டுக்கு முன்னால் நின்று, “வீட்டுல சாப்பிட்டாச்சு மாப்ள” என்றார். பறவைக்குப் புரிந்ததோ, பசி தாங்கவில்லையோ, அன்றைக்கு முதல் பழத்தை விழுங்கியது.

பதினோரு நாள் இது நடந்தது. காலையிலும், பனி இறங்கும் முன்பும் ஒருவர் ஊட்ட, ஒருவர் வீச. ஒரு நாள்கூடச் சங்கரலிங்கம் தவறவில்லை.

பன்னிரண்டாம் நாள் அதே பாறையில் ஷர்மிளா பெட்டியைத் திறந்தார். ஆண் பறவை எழும்பியது, தடுமாறியது, நிமிர்ந்தது. மரத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு எதிர்ப்பக்கம் பறந்து மறைந்துவிட்டது!

கால் மணி. அரை மணி. எபினேசர் கழியை இறுகப் பிடித்தபடி நின்றார்.

ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்...

“இப்ப எதுக்குவே வீசுறீரு?”

“நான் இல்லவே!” சங்கரலிங்கம் இரண்டு வெறுங்கையையும் காட்டினார்.

மேலே கறுப்பும் வெள்ளையுமாக இறக்கை விரிந்தது. தொண்டை புடைத்திருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற ஆளா அவன்! சந்தருகே தொற்றிக்கொண்டு, முதல் ஜாதிப்பழத்தை வெளியே எடுத்தான். மஞ்சள் அலகு தயங்கவேயில்லை.

“டாக்டரம்மா, எனக்கு டைவர்ஸ் ஆயிருச்சு” என்றார் எபினேசர். சிரிக்க முயன்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அன்று முதல் ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பழக்கம். எந்தக் கூண்டின் குப்பையையும் எபினேசர் உடனே கொட்டுவதில்லை. ஒரு நாள் வைத்திருந்து, கிளறிப் பார்த்து, அது என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகுதான் கொட்டுகிறார்.

டீக்கடையில் கதை முடிந்தது. ஐந்து பேரும் மூலை பெஞ்சு பக்கம் திரும்பினார்கள்.

“சார், நீங்க சொல்லுங்க. இதெல்லாம் நிஜமா நடந்துச்சா?”

சங்கரலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். கடைக்காரர் முகத்தைப் பார்த்தார். வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். அதன் பின் சீட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் தாள், ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“நடந்துச்சு” என்றார். “ஆனா அதுல ஒரு பொய் இருக்கு. இவரு முழுப் புருஷன் இல்ல, பாதிதான்.”

“மீதி?”

“இறக்கை அடிச்சது யாருங்கீக?”