தாடையில் இருந்த சாட்சி

போன் அலறியது!

வாயைப் பிளந்தபடி படுத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, பல் டாக்டர் எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன் மேடம். கல் குவாரியில ஒரு எலும்புக்கூடு. தாடையில இருக்கற திருகு... உங்க வீட்டுக்காரர் எக்ஸ்ரேயோட ஒத்துப்போகுது."

கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

மூன்று வருடத்துக்கு முன், செயற்கைப் பல் கட்டுவதற்காகக் கணவனின் தாடையில் அந்தத் திருகை இறக்கியவள் அவள்தான். எட்டாம் நாள் அவன் காணாமல் போனான். அன்று காலை சண்டையில் அவன் மூக்கை உடைத்தவன் அவளுடைய அண்ணன். அண்ணனின் காரில் ரத்தக்கறை! அன்றிரவே கைது. இன்றுவரை ஜாமீன் கூட இல்லை.

நோயாளியை அனுப்பிய அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். எலும்புக்கூட்டின் தாடை எக்ஸ்ரேயை நீட்டினார்.

"மண்டையில பலமான அடி. திருகு மேல நீங்க மாட்டின மூடி அப்படியே இருக்கு. அடுத்துக் கட்ட வேண்டிய பல்லே கட்டல. அப்போ எட்டாம் நாளே கதை முடிஞ்சிருக்கு. உங்க அண்ணன் இனிமே வெளிய வர்றது கஷ்டம் மேடம்."

தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த தங்கை விம்மினாள். கிளினிக் உதவியாளரும் அவள்தான்.

"அக்கா... மாமா போயிட்டாராக்கா?"

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினாள்.

பார்த்தாள்.

மறுபடி பார்த்தாள்...

"சார், இவர் எட்டாம் நாள் சாகல!"

"என்ன மேடம் சொல்றீங்க?"

"திருகு போட்டதும் எலும்பு ஒட்டிடாது சார். சுத்தி இருக்கற பழைய எலும்பு கொஞ்சம் கரையும். அப்புறம் புது எலும்பு வந்து திருகைக் கவ்விப் பிடிக்கும். மூணு நாலு மாசம் ஆகும். செத்தவன் தாடையில எலும்பு வளராது. இங்க பாருங்க... ஒரு மயிரிழை இடைவெளி இல்ல!"

"அப்போ உங்க அண்ணன்..."

"உள்ள இருந்தான்!"

சந்தோஷப்பட வேண்டிய இடம். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக எவன் படத்துக்கு முன்னால் அழுதாளோ, அவன் மாதக்கணக்கில் எங்கேயோ சௌகரியமாக மென்று தின்றிருக்கிறான்.

"இன்னொண்ணு சார். இந்த வெள்ளைப் புள்ளி... பல் ஒட்டற சிமெண்ட். வேற யாரோ இவருக்குப் பல் கட்டியிருக்காங்க. கொன்னவங்க அதைக் கழற்றிட்டு, பழையபடி மூடியை மாட்டியிருக்காங்க. எட்டாம் நாளே செத்த மாதிரி காட்ட!"

"அதுக்குத் தொழில் தெரியணுமே?"

"மூடி மாட்டத் தெரியணும். எலும்பைப் பத்தித் தெரிஞ்சிருக்கக் கூடாது."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மூடிகள் இருக்கும் அலமாரிக்கு இரண்டே சாவிகள்! ஒன்று அவளிடம்.

மெதுவாகத் திரும்பினாள்.

தங்கையின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து கருவிகள் சிதறின!

"நீயாடி?"

தங்கை சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் என்னோடதான் இருந்தார்க்கா... வீடு எடுத்துக் கொடுத்தேன்."

"நம்ம அண்ணன் உள்ள கிடக்கான்னு தெரிஞ்சுமா?"

"என்னைக்காவது விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்..."

"ஏன்டி கொன்னே?"

"ஒருநாள் பெட்டியைக் கட்டிட்டு நின்னார். 'உங்க அக்கா மாதிரி வராது, அவகிட்டயே போறேன்'னார். கையில இரும்புக் கம்பி கிடைச்சது..."

டாக்டருக்குச் சுருக்கென்றது. தன்னிடம் வரக் கிளம்பியவன்...

டாக்டர் தங்கையின் முன் மண்டியிட்டாள். கண்ணீர் முகக்கவசத்தை நனைத்தது.

"வந்திருந்தா, மயக்க ஊசி போடாம முப்பத்திரண்டையும் நானே பிடுங்கியிருப்பேனே... உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்!"