போகாத ஃபியூஸ்

மழையில் முகப்பு விளக்கையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டால் அந்தப் பழைய வேனில் ஃபியூஸ் போய்விடும். இன்று போகவில்லை. வைப்பர் இரண்டும் சமர்த்தாக ஆடிக்கொண்டிருந்தன. வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவளுக்கு அதுவே என்னவோ போல் இருந்தது.

போன வாரம் அண்ணன்தான் வேலை பார்த்தான். எல்லோரும் 'கரண்ட்டு' என்று கூப்பிடும் வண்டி எலக்ட்ரீஷியன். புதுப்புது ஃபியூஸாக மாற்றிச் சலித்துப்போய், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "இனிமே போகவே போகாது பாரு. அண்ணன் கைவச்சிருக்கேன்ல." அதோடு விட்டானா? ஓடும் வண்டியில் மகள் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டாள் என்பதற்காக, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டான். அதை அமுக்காமல் உள்ளேயிருந்து இழுத்தாலும் திறக்காது. சாவித் துவாரம் இனி எதற்கென்று தகடு வைத்து அடைத்தும் விட்டான். தாய்மாமன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அவள் வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

பின்னால், கம்பி வலைத் தடுப்புக்கு அப்பால், சலவைக்கூடத்திலிருந்து விடுதிக்குப் போகும் விரிப்புகள் குவிந்துகிடக்க, அவற்றின்மேல் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சோப்பு வாசனை, நனைந்த தாரின் வாசனை, இரண்டுக்கும் அடியில் இஸ்திரிப்பெட்டி சற்றே அதிகம் நின்றுவிட்ட துணியின் வாசனை. தேய்க்கிறவள் இன்றைக்கும் பராக்குப் பார்த்திருப்பாள் என்று எரிச்சல்பட்டாள். அப்புறம் முழங்காலில் வெதுவெதுப்பு ஏறியது. டாஷ்போர்டுக்குள் ஏதோ மெல்லச் சீறியது. மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஓரங்கட்டிச் சாவியைத் திருகி எடுத்தாள். எஞ்சின் நின்றது.

வைப்பர் நிற்கவில்லை.

ஃபியூஸ் பெட்டியின் மூடி விரலைச் சுட்டது. உள்ளே வரிசையாகக் கலர் கலராய் ஃபியூஸ்கள். வைப்பருக்கான இடத்தில் ஓர் ஆணி. தலையை வெட்டி, அளவாக வளைத்துச் சொருகிய ஆணி. சிவந்திருந்தது.

அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஃபியூஸ் இடத்துல ஆணி இருக்கு."

"பாப்பா எங்க?"

தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது இவனுக்கு. தெரிந்தே சிரித்திருக்கிறான், பாவி.

"நாலு நாளைக்குன்னுதான் வச்சேன், மாத்திடலாம்னு... முதல்ல நீ எறங்கு."

சின்ன வயதிலிருந்தே அவன் சொல்லைத் தட்டியதில்லை. பொத்தானை அமுக்கி இறங்கினாள். பின்கதவைத் திறக்க ஓடினாள். காற்றில் முன்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

டக்.

எல்லாக் கதவும். ஒரே நேரத்தில். யாரும் பொத்தானைத் தொடவில்லை; உள்ளே உருகிய கம்பிகளே பூட்டிவிட்டன.

சாவி கையில்தான் இருந்தது. துவாரத்தில் தகடு. வழவழவென்று, மழையில் மினுங்கிக்கொண்டு. கல் தேடினாள். தார். வெறும் தார். முழங்கையால் கண்ணாடியை இடித்தாள். மறுபடி இடித்தாள்.

"பயப்படாதம்மா, அண்ணன் இருக்கேன்," என்றது போன்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போல, சிரித்தாள். குட்டி உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். முன்பக்கத்திலிருந்து எழுந்த மஞ்சள் வெளிச்சத்தில், கம்பி வலையின் நிழல் அவள் முகத்தில் கட்டம் கட்டமாக விழுந்தது. வைப்பர்கள் ஆடிக்கொண்டே இருந்தன.