தங்க ஒரு வீடு, சாப்பிட ஒரு வீடு

மழை அப்படியொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கியவனிடம் குடை இல்லை. தோளில் ஒரு பெரிய பை இருந்தது. அந்தப் பையிலிருந்து ஒரு வாணலியின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது...

வார இறுதிக்குக் கடற்கரைக்கு வருகிறவர்கள் கேமரா கொண்டு வருவார்கள், கூலிங்கிளாஸ் கொண்டு வருவார்கள். யாரும் வாணலி கொண்டு வந்து, அங்கே குடையோடு காத்திருந்த சாவி பார்த்ததில்லை.

அவளை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா நடத்தும் விடுதியின் அறைச் சாவிகள் அத்தனையும் அவள் இடுப்பில்தான் தொங்கும். அவள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். பஸ் நிறுத்தத்துக்குக் குடையோடு போய் விருந்தாளிகளை அழைத்து வருவதும் அவள் வேலைதான். இன்று வர வேண்டியவர்கள் வரவில்லை.

"ஏங்க... இந்த ஊர்ல தங்கறதுக்கு எங்க நல்லாயிருக்கும்?" என்றான் வாணலிக்காரன்.

"எங்க வீடு." யோசிக்கவே இல்லை அவள். "ஜன்னலத் திறந்தா கடல். விடிஞ்சா சூடா டீ."

"சாப்பாடு?"

"அது நாங்க போடறதில்ல. மேட்டுத் தெருவுல ஒரு ஹோட்டல் இருக்கு. கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனா நல்லாயிருக்கும்."

"நீலக் கேட் போட்ட சாப்பாட்டுக் கடைன்னு ஒண்ணு இருக்காமே? மீன் வறுவல் பிரமாதமாம்..."

"ஐயையோ! அது எங்க பக்கத்து வீடுதான். அங்க மட்டும் போயிடாதீங்க. அப்புறம் உங்க வயிறு உங்க பேச்சைக் கேக்காது!"

அவன் சிரித்தான். வாய் சிரிப்பதற்கு முன்பே கண் சிரித்துவிட்டது. இமையில் ஒரு மழைத்துளி விழட்டுமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அதையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சாவிக்கே தெரியவில்லை... விருந்தாளிதானே, வேறென்ன!

குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நடந்தாள். அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்துபோனது. அவன் அதைக் கவனித்தான்.

விடுதி வாசல் வந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றவன் உள்ளே வரவில்லை. விறுவிறுவென்று அடுத்த வாசலுக்குப் போய் நீலக் கேட்டைத் தள்ளினான்.

"அம்மா... பசிக்குது!"

கையில் கரண்டியோடு ஓடி வந்தாள் கடைக்கார அம்மா. "என் ராசா! இளைச்சுப் போயிட்டியேடா!"

சாவிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவன் திரும்பிப் பார்த்து, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னான்: "வயிறு என் பேச்சைக் கேக்கலீங்க. அதான்."

கொழுப்பு! உடம்பெல்லாம் கொழுப்பு!

*

அரைக்கால் சட்டை போட்ட வயதில் மாமா வீட்டுக்குப் படிக்கப் போனவன், கப்பலில் சமையல்காரனாகி, இப்போதுதான் நீண்ட லீவில் வந்திருக்கிறான். அந்த ஒல்லிப் பையன்தான் இவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காலத்தில் இரண்டு வீடும் ஒரு வீடு மாதிரி. கொல்லைச் சுவரில் ஒரு கதவு இருந்தது. விடுதியில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கதவு வழியாகத்தான் சாப்பாடு வரும். இரண்டு அம்மாக்களும் உயிருக்கு உயிராக இருந்தார்கள். அப்புறம் ஒரு கோடையில் விருந்தாளிகள் சிலருக்கு வயிறு கெட்டுப்போனது. "பக்கத்து வீட்டு மீன்தான்" என்று இந்த அம்மா வாய் தவறிச் சொல்ல, "அந்த வீட்டுத் தண்ணிதான்" என்று அந்த அம்மா வேண்டுமென்றே சொல்ல, கதவில் பலகை வைத்து ஆணி அடித்தாகிவிட்டது. அன்றிலிருந்து இங்கே தங்குகிறவர்களை மேட்டுத் தெருவுக்கு அனுப்புவார்கள். நீலக் கேட் கடையில் சாப்பிடுகிறவர்களிடம், பக்கத்து வீட்டில் மூட்டைப்பூச்சி என்று சொல்வார்கள்.

ஆனால் அவன் வந்த அடுத்த சனிக்கிழமை ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றது. "பக்கத்துக் கடையில சமைக்கிற தம்பி சொல்லிச்சு. தான் நனைஞ்சு விருந்தாளிக்குக் குடை பிடிக்கிற பொண்ணு இருக்கிற வீடு, கண்ணை மூடிட்டுப் போங்கன்னு..."

சாவி அறைக் கதவைத் திறக்கத் தடுமாறினாள். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லுவாள். அன்றைக்கு மட்டும் ஒன்றுமே பொருந்தவில்லை.

அடுத்த வாரமும் ஆள் அனுப்பினான். அதற்கடுத்த வாரமும்.

கொல்லையில் அவள் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும் நேரமும், அவன் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் கழுவும் நேரமும் எப்படியோ ஒன்றாகிப்போயின.

"ஏங்க, சாவி... இன்னிக்கும் மேட்டுத் தெருவுக்குத்தான் அனுப்பினீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. என் கையால சாப்பிடாமலே திட்டறீங்களேன்னுதான். சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, மனசு ஆறும்."

சுவருக்கு மேலே ஒரு தட்டு வந்தது. பொன்னிறமாக வறுத்த மீன் துண்டுகள், ஓரத்தில் ஒரு கீற்று எலுமிச்சை. விரிப்புகளுக்கு நடுவே மறைந்து நின்று ஒரு துண்டை வாயில் போட்டாள். கண் தானாக மூடிக்கொண்டது...

"எப்படி?"

"பரவாயில்ல." பொய். அண்டப் புளுகு!

அதற்குள் அம்மாவின் செருப்புச் சத்தம். தட்டைத் தலையணை உறைகளுக்கு அடியில் செருகிவிட்டு நின்றாள். சாயங்காலம் விருந்தாளி ஒருவர் பணிவாக வந்து கேட்டார்: "அம்மா, தலையணை ஏன் வறுத்த மீன் வாசனை அடிக்குது? ரொம்பப் பசிக்குதும்மா..."

அம்மா தலையணையை முகர்ந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அந்த வார்த்தைக்கப்புறம் நம்ம வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிக்கவே எத்தனை பேர் யோசிச்சாங்க... உனக்கு மறந்துபோச்சு இல்ல? நாக்கு ருசி கண்டுடுச்சு!"

அம்மாவின் கண் கலங்கியதைச் சாவியால் தாங்க முடியவில்லை. மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பதில் சொல்லாமல் விரிப்புகளை உதறினாள். அதற்கடுத்த நாளும். நெஞ்சுக்குள் என்னவோ உதறிக்கொண்டேதான் இருந்தது.

ஒருநாள் அவன் குரலில் கேலி இல்லை.

"கப்பல்ல மறுபடி கூப்பிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை பஸ். நீங்க என்னைப் புகழ வேண்டாம்ங்க... 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்."

தொண்டை வரை வந்தது. அம்மாவின் முகமும் கூடவே வந்தது. சாவி விரிப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமையும் மழை. விடுதிக்கு நிறையப் பேர் வருவதாக இருந்ததால், அம்மாவும் ஒரு குடையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தாள். கூரையின் மறுகோடியில் அவன் நின்றான். அதே பை, அதே வாணலிப் பிடி. பக்கத்தில் அவன் அம்மா, மூக்கை உறிஞ்சியபடி. இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு திசையில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் வந்தது. விருந்தாளிகள் திபுதிபுவென்று இறங்கினார்கள். அதில் ஒரு பெண், நல்ல பசி போலிருக்கிறது, இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டாள்:

"ரூம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல சாப்பிட எங்க நல்லாயிருக்கும்?"

எத்தனையோ முறை சொன்ன பதில்தான். மேட்டுத் தெரு. நாக்கு அதற்குப் பழகியிருந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்துவிட்டான்...

"எங்க பக்கத்து வீடு" என்றாள் சாவி.

அம்மாவின் குடை ஆடியது. சாவி நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவாள்.

"நீலக் கேட். அங்க ஒருத்தர் சமைக்கிறார். ஒரு தடவை சாப்பிட்டா வேற எங்கயும் சாப்பிடப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கல... எதுவுமே பிடிக்கல."

"அப்படியா! அவர் இன்னிக்கு இருப்பாரா?"

சாவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணில் மழையா வேறா என்று யாருக்குத் தெரியும்?

"தெரியல. அவரையே கேளுங்க... இருக்கச் சொல்லுங்க."

"இருக்கேன்" என்றான் அவன். படியிலிருந்து காலை எடுத்தான். பை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. கண்டக்டர் ஒரு முறை பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போயே போய்விட்டது.

அப்புறம்தான் அவளுக்குப் பயமே வந்தது. "அம்மா..." என்று திரும்பினாள். அம்மா வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். முதலில் பேசியது கடைக்கார அம்மாதான், வானத்தைப் பார்த்து.

"அந்த வீட்டுல மூட்டைப்பூச்சியெல்லாம் கிடையாது. ஏதோ கோபத்துல சொன்னது."

"மீனும் அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து. "நானும் அதைத்தான் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? கதவுக்கு ஆணி அடிச்சது யாரு?"

சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஆனால் இருவரும் ஒரே குடைக்குள் வந்துவிட்டார்கள். பசித்த விருந்தாளிகள் பின்தொடர, சண்டை போட்டபடியே முன்னால் நடந்தார்கள். "அத்தை, பார்த்து, பள்ளம்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் சாவி. அத்தை என்ற அந்த வார்த்தை வாயிலிருந்து வந்து எத்தனை காலம்!

அவனும் அவளும் கடைசியில் நடந்தார்கள். இந்த முறை குடையை அவன் வாங்கிக்கொண்டான். அவளுடைய இடது தோளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"ஊருக்கே சொல்லிட்டீங்க. என்கிட்ட இன்னும் நேராச் சொல்லல."

இடுப்புச் சாவிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த நேரம் பார்த்து அவை சத்தம் போட வேண்டாம்.

"பிடிச்சிருக்கு..."

"மீனா?"

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அந்த இமையில் இன்றைக்கும் ஒரு துளி, விழட்டுமா வேண்டாமா என்று. விரலால் மெல்லத் தட்டி விட்டாள்.

"மீனும்தான்."