முப்பத்தேழாம் நம்பர் பவுடர்

கண்ணுசாமியின் பிணத்தில் நாற்பத்தோரு கன்றல்கள்.

ஒன்றில்கூடத் தோல் கிழியவில்லை. முதுகில், தொடையில், முழங்கையில்... உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இடது கையில் மட்டும் ஐந்து விரல்களின் தடம், அச்சடித்த மாதிரி!

"இந்த அஞ்சு விரலும் யாருதும்மா?" இன்ஸ்பெக்டர் மிக்கேல்ராஜ் போட்டோவை மேஜையில் தள்ளினார்.

பானுப்ரியாவுக்குத் தெரியும். அண்ணன் மணிமாறனுடையவை.

அவன் பத்தடி தள்ளி, லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணன் அடிக்கல சார். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு அப்பாவக் கையப் பிடிச்சு இழுத்துச்சு. அம்புட்டுதான்."

"வரலேன்னா அடிச்சே கொன்னுருவேன்னு கத்துனத சித்தையன்கோட்டையில பாதித் தெரு கேட்டிருக்கு."

"எங்க வீட்ல பாசமும் அப்பிடித்தான் சார் பேசும். கொன்னது நான்."

மிக்கேல்ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எதால?"

"பவுடரால."

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கொடைரோடு பக்கம் டாக்டர் ஜெரோமின் லேபில் இரண்டு வருடமாக வேலை. ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"கெட்டுப்போன செல்லு தானா செத்துரணும் சார். புத்து செல்லு சாகாது. 'சாகாத, சாகாத'ன்னு உள்ள ஒரு புரோட்டீன் காவலுக்கு நிக்கும். அந்தப் புரோட்டீன்ல ஒரு பள்ளம் உண்டு. அதுல ஆப்பு மாதிரி போய் உக்கார்ற சின்ன மூலக்கூறு செய்யறதுதான் எங்க வேல. முப்பத்தாறு தோத்துச்சு. முப்பத்தேழாவது உக்காந்துருச்சு."

"அதத் திருடிட்ட."

"மூணு கிராம். அப்பா கழுத்துல எலுமிச்சம்பழம் கணக்கா புத்துக்கட்டி. ஒம்பது நாள்ல சுண்டக்காயாப் போச்சு சார்."

"பெறகு?"

"பத்தாம் நாள் பல்லு வெளக்கயில ரத்தம். தொட்ட எடமெல்லாம் கன்னிப்போச்சு. ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு இருக்குல்ல... அதுவும் அதே மாதிரி புரோட்டீன நம்பித்தான் உசுரோட இருக்காம். அப்பா செத்த அன்னிக்குத்தான் பிரவுசிங் சென்டர்ல படிச்சேன். நாங்க சோதிக்கிற கண்ணாடித் தட்டுல புத்து செல்லு மட்டுந்தான் சார் இருக்கும். ரத்தம் இருக்காது."

மருந்து ஜெயித்துவிட்டது. அப்பா தோற்றுவிட்டார்.

"ரத்தத்துல அதக் கண்டுபிடிக்கலாமா?"

"அப்பிடி ஒரு பொருள் இருக்குன்னே உங்க ஆளுகளுக்குத் தெரியாது சார்."

"மிச்சப் பவுடரு?"

"கடைசிப் பொட்டு வரைக்கும் குடுத்துட்டேன்."

"நல்லாருக்கும்மா. பேரில்லாத விஷம். மிச்சமில்லாத பவுடர். அண்ணனக் காப்பாத்த ஒரு தங்கச்சி. ஜட்ஜு அழுவாரு. ஆயுள் தண்டனை குடுத்துட்டுத்தான் அழுவாரு."

அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாட்சி.

"எங்க டாக்டரக் கூப்டுங்க சார்."

ஜெரோம் வந்தார். சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"புற்றுநோய் மருந்தா? நாங்க துணிக்குச் சாயம் செய்யறவங்க சார். போர்டப் பாருங்க." பானுப்ரியாவின் பக்கம் தலையை ஆட்டினார். "பாவம், குடும்பத்துல முதல் பட்டதாரி. படிப்பு தலைக்கு ஏறிடுச்சு."

"ஒங்க நாக்கு அழுகிரும் சார்," என்றாள்.

அடுத்த அறையில் போன் அடித்தது. "செத்த நேரம் உக்காருங்க," என்று மிக்கேல்ராஜ் எழுந்து போனார்.

மூலையில் பெண் காவலர் குர்ஷித் பேகம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஜெரோம் அவரை நாற்காலியோடு சேர்த்து நாற்காலியாகவே நினைத்துவிட்டார். டைரியைத் திறந்து, பானுப்ரியாவின் பக்கம் குனிந்தார்.

"எத்தனை மில்லிகிராம் கொடுத்த?"

அவள் நிமிர்ந்தாள்.

"சொல்லு. மனுஷ உடம்புல யாருமே போட்டுப் பார்த்ததில்ல. கட்டி எத்தனை நாள்ல சுருங்குச்சு?"

"அண்ணன வெளிய எடுங்க. சொல்றேன்."

"அது என் கையில இல்லம்மா. நீ சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

அடுத்த ஆள்... அவனுக்கும் கழுத்தில் கட்டி இருக்கும். அவனுக்கும் ஒரு மகள் இருப்பாள்.

என்ன செய்வாள்? சொன்னாள். அளவு, வேளை, ஒன்பதாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் மரணம். ஜெரோம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

"கடைசி நாள் மூக்குல ரத்தம் வந்துச்சா?"

"இன்ஸ்பெக்டர் சார்," குர்ஷித் பேகம் நிமிராமல் குரல் கொடுத்தார், "நானும் எழுதிட்டேன். அவரு டைரியையும் வாங்கிட்டா ஒத்துப் பாத்துரலாம்."

கதவுக்குப் பின்னால் நின்ற மிக்கேல்ராஜ் ஒரே எட்டில் டைரியைப் பிடுங்கினார். முப்பத்தேழாம் நம்பர் மூலக்கூறு, பெயரோடும் படத்தோடும், ஜெரோமின் கையெழுத்திலேயே!

சாயங்காலம் லாக்கப் கதவு திறந்தது. மணிமாறன் வெளியே வந்தான். பானுப்ரியா உள்ளே போனாள். கடந்து போகையில் அவன் தங்கையின் கையைப் பிடிக்கப் போனான்... பயந்து, பிடிக்காமலே விட்டுவிட்டான்.

"நான் வெறும் சாயக் கம்பெனி சார்," ஜெரோம் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிக்கேல்ராஜ் டைரியைப் புரட்டினார்.

"தெரியாமத்தான் கேக்குறேன் சார்... வேட்டிக்குமா கழுத்துல கட்டி வரும்?"