மூன்று காலில் ஓடிய குதிரை

இத்தாலியத் துறைமுக நகரொன்றின் பழைய குடியிருப்பான அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்து ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டுக்கு எமிலியானா வேலைக்குப் போன முதல் நாள், கடலைத் தாண்டி அனல்காற்று வந்து கொட்டிக்கொண்டிருந்தது. வெக்கை புகாதிருக்க நடுமத்தியானத்திலேயே சன்னல்களை அடைத்து வீட்டை இருட்டாக்கியிருந்தார்கள். கட்டிலில் ஒரு பிள்ளையளவுக்குச் சுருங்கிக் கிடந்தார், அவள் பராமரிக்க வந்த கிழவர் சிஞ்ஞோர் தொத்தோ. 1970களில் ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரை ஓட்டியவர்.

அவள் சூப் ஊட்டினாள். அவர் மெல்போர்னை நினைத்து உருகினார். விடியற்காலைப் பனிக்குள் குதிரைகள் விடும் மூச்சு, இறகுத் தொப்பிச் சீமாட்டிகள், கடைசி வளைவில் கிளம்பும் சனங்களின் இரைச்சல்.

"ரொசெல்லா எண்டு ஒரு செம்பட்டைக் குதிரை. கடைசி வளைவிலை முன்னங்கால் முறிஞ்சுபோச்சு. நான் விடேல்லை. சவுக்காலை விளாசி, மூண்டு காலிலையே ஓடவைச்சு வெண்டனான்!" எச்சில் வழியச் சிரித்தார். "பிறகு அங்கையே சுட்டுப்போட்டாங்கள். அந்தக் காலம் இனி வராது, பிள்ளை."

நடைக்கூடத்தில் வியர்வையும் இரத்தமும் கலந்த மிருக வாடை எழுந்தது.

டக். டக். டக். பிறகு எதையோ தரையில் இழுக்கும் ஓசை.

கிழவரின் சிரிப்பு நின்றது.

"கதவைப் பூட்டு," என்று கிசுகிசுத்தார். "அது வருது."

அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, துறைமுகத்தில் சுமை ஏற்றும் தன் கணவன் பிறின்ஸைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கெதியா வாங்கோ. வீட்டுக்குள்ளை குதிரை நிக்குது."

"உமக்கென்ன விசரே? மூண்டாம் மாடியிலையோ?"

கதவு இரண்டாகப் பிளந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் மலை போன்ற ஒன்று அவளைச் சுவரோடு மோதித் தள்ளியது. தோள் எலும்பு முறிந்தது. கட்டில் நொறுங்கிச் சரிந்தது. கிழவரின் நெஞ்சில் குளம்பளவு பள்ளம் ஒன்று விழுந்தது. பக்கத்திலே இன்னொன்று. விலா எலும்புகள் சுள்ளிகளாக முறிந்தன.

"அம்மா!" என்று அலறினார்.

அடுத்த மிதி வாயில் விழுந்தது.

"சேசுவே, காப்பாத்தும்!" என்று எமிலியானா கத்தினாள்.

அவளுக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது.

கிழவர் அலுமாரி சரிந்து விழுந்ததில் செத்தார் என்றார்கள். அந்த அறையில் அலுமாரியே இல்லை என்று எமிலியானா சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று, கையைத் துணியால் கழுத்தில் தூக்கிக் கட்டியபடி கோயிலில் நின்றாள். நான்கு பேர் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். அசையவில்லை. எட்டுப் பேர் பிடித்தார்கள். பிறின்ஸும் போய்த் தோள்கொடுத்தான்.

"என்னப்பா இது," என்று மூச்சுவாங்கினான். "இந்தச் சின்ன மனிசனுக்கு இவ்வளவு பாரமோ?"

எமிலியானா பெட்டியின் மூடியில் கை வைத்தாள். பலகை சுட்டது.

அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே, உள்ளே, அகன்ற மூக்கு ஒன்று நீளமாகச் சீறி மூச்சு விட்டது.